ஒரே மரபணு, ஒரே இடம், ஆனால் அந்த மாத்திரை மட்டும் ஏன் பொருந்தாது?

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், ரிப்போர்ட்டில் கேராஸ் என்ற மரபணுவில் மாற்றம், ‘கேராஸ் ஜி12டி’ என்று வந்திருக்கிறது. அதே வார்டில் இன்னொருவருக்கு ‘கேராஸ் ஜி12சி’, அவருக்கு சோட்டோராசிப் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அது பயன்படாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கடைசி எழுத்து ஒன்றுதானே வேறு, அதற்குப் போய் இவ்வளவு வித்தியாசமா? முந்நூறு கோடி எழுத்துள்ள டி.என்.ஏ-வில் ஒன்று மாறினால் அப்படி என்ன ஆகிவிடும்?

மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் கூட்டம் நிற்கிற ஓ.பி-யில் இதற்குக் காரணம் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது, அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். புரதங்களின் வடிவத்தைப் படிப்பதும் அதைப் பாடமாக எடுப்பதும்தான் என் வேலை. சிகிச்சை முடிவுகளை மருத்துவரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டில் இருக்கிற எழுத்துக்கும் எண்ணுக்கும் பின்னால் அணு அளவில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் படித்துவிடுவோம். ஜி என்றால் கிளைசின். 12 என்றால் புரதச் சங்கிலியில் பன்னிரண்டாவது இடம். டி (D) என்றால் அஸ்பார்டிக் அமிலம். கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான் செய்தி. இவை அமினோ அமிலங்களுக்கான எழுத்துகள், டி.என்.ஏ-வில் வரும் ஏ, டி (T), ஜி, சி வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டி.என்.ஏ-வைச் செல் மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிறது, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு அமினோ அமிலம். கேராஸின் பன்னிரண்டாவது இடத்துக்கு உரிய மூன்று எழுத்து ஜி-ஜி-டி. கடைசியில் இருக்கும் டி வேறு எதுவாக மாறினாலும் ஒன்றும் ஆகாது, அப்போதும் கிளைசின்தான் வரும். முதல் இரண்டு ஜி-யில் எதில் கை வைத்தாலும் அமினோ அமிலம் மாறிவிடும். நடுவில் இருக்கும் ஜி, ஏ-வாக மாறினால் அஸ்பார்டிக் அமிலம், டி-யாக மாறினால் வாலின். முதல் ஜி, டி-யாக மாறினால் சிஸ்டீன். இப்படி ஒரே எழுத்து மாறி வரக்கூடியவை மொத்தம் ஆறு, ஆறுமே புற்றுநோய்க் கட்டிகளில் பார்க்கப்பட்டிருக்கின்றன. சிகரெட் புகையில் இருக்கும் பென்சோபைரீன் போன்ற பொருட்கள் ஜி-யில் ஒட்டிக்கொண்டு அதை டி-யாக்குவதில் பேர்போனவை, அதனால்தான் புகைபிடித்தவர்களின் நுரையீரல் கட்டிகளில் ஜி12சி அதிகம். புகைபிடிக்காதவர்களிடம் கேராஸ் மாறியிருந்தால் ஜி12டி-யைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

சரி, கேராஸ் என்ன செய்கிறது? செல்லின் சவ்வுக்கு உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் புரதம் அது, 188 அமினோ அமிலம்தான். வெளியிலிருந்து ‘வளரலாம், பிரியலாம்’ என்ற சமிக்ஞை வரும்போது அதை வாங்கி உள்ளே கடத்துவது அதன் வேலை. குவனோசின் டிரைபாஸ்பேட் என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்போது அது ஆன் ஆகியிருக்கும். அந்த மூலக்கூறின் வாலில் மூன்று பாஸ்பேட் உண்டு. கேராஸின் உடம்பில் இரண்டு நெகிழ்வான வளையங்கள் அந்த மூன்றாவது பாஸ்பேட்டை இறுக்கிப் பிடித்திருக்கும், அந்த இறுக்கத்தில் உருவாகும் முகத்தில்தான் அடுத்த புரதமான ராஃப் வந்து ஒட்டும். மூன்றாவது பாஸ்பேட் வெட்டுப்பட்டு டைபாஸ்பேட் ஆனதும் வளையங்கள் தளர்ந்துவிடும், முகம் கலைந்துவிடும், ராஃப் ஒட்டாது. ஆஃப்.

வெட்டுவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேராஸ் தானே வெட்டும், ஆனால் மகா மந்தமாக. காப் என்ற வகை உதவிப் புரதம் வந்து சேர்ந்தால் வெட்டும் வேகம் சுமார் ஒரு லட்சம் மடங்கு கூடும். அது எப்படி என்பதை 1997-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் ஆல்ஃபிரெட் விட்டிங்ஹோஃபர் குழு படிக வடிவமாகவே எடுத்துக் காட்டியது. காப் புரதம் தன்னிடமுள்ள ஆர்ஜினின் என்ற ஓர் அமினோ அமிலத்தை விரல் நீட்டுவதுபோல கேராஸின் பிளவுக்குள் நீட்டி, பாஸ்பேட்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது. வெட்டும்போது அங்கே சேரும் எதிர்மின்னூட்டத்தை அது தாங்கிக்கொள்கிறது. கேராஸின் 61-ஆவது இடத்தில் இருக்கும் குளுட்டமின், ஒரே ஒரு நீர் மூலக்கூறைச் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்துகிறது. அந்த நீர் போய் பாஸ்பேட்டைத் தாக்குகிறது, வேலை முடிந்தது.

இந்தக் கூட்டமெல்லாம் நடக்கிற இடத்தை ஒட்டியே இருப்பது நம்முடைய பன்னிரண்டாவது கிளைசின். அங்கே கிளைசின் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இருபது வகை அமினோ அமிலங்களில் பக்கச் சங்கிலி என்று சொல்ல ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உள்ளது கிளைசின் ஒன்றுதான், இடத்தையே அடைக்காது. அங்கே வேறு எதை வைத்தாலும் அதன் பக்கச் சங்கிலி துருத்திக்கொண்டு ஆர்ஜினின் விரலையும் குளுட்டமினையும் இடிக்கும். இரண்டு மூன்று அணு அகலம்தான் பிரச்சினை. ஆனால் அந்த அகலத்துக்கு அங்கே இடமில்லை, நீர் மூலக்கூறு சரியான கோணத்தில் நிற்காது, பாஸ்பேட் வெட்டுப்படாது. ‘வளர்’ என்ற சமிக்ஞை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். 1980களில் கேராஸின் உடன்பிறப்பான எச்ராஸில் அந்த இடத்தில் ஒவ்வொரு அமினோ அமிலமாக வைத்துச் சோதித்தார்கள். கிளைசினையும் புரோலினையும் தவிர வேறு எதை வைத்தாலும் செல் கட்டுப்பாடின்றி வளர ஆரம்பித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கேராஸ் உடையவில்லை. மாறிய புரதத்தையும் நல்ல புரதத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் மடிப்பு ஏறக்குறைய அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். அது ஆன் ஆகிறது, ராஃபைப் பிடிக்கிறது, எல்லாமே ஒழுங்காக நடக்கிறது. அணைவது மட்டும்தான் போய்விட்டது. ‘மியூட்டேஷன் என்றால் புரதம் கெட்டுப்போவது’ என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். எந்த எழுத்து, எந்த இடம், அங்கே என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்று பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

இந்தக் கண்டுபிடிப்புக்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1982-ல் அமெரிக்காவில் ராபர்ட் வைன்பெர்க், மரியானோ பார்பசிட், மைக்கேல் விக்லர் ஆகியோரின் குழுக்கள் ஒரு சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்லிலிருந்து எச்ராஸ் மரபணுவை எடுத்து, நல்ல செல்லில் இருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். புற்றுநோய் மரபணுவில் பெரிய களேபரம் எதாவது தெரியும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். கிடைத்தது ஒரே ஒரு எழுத்து. பன்னிரண்டாவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் வாலின். மனிதப் புற்றுநோயில் இப்படி ஒற்றை எழுத்து மாற்றம் பிடிபட்டது அதுதான் முதல் முறை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். காரணம் தெரிந்த பிறகும் முப்பது வருடம் போல கேராஸுக்கு மருந்து செய்ய முடியவில்லை. பெரும்பாலான மருந்துகளுக்கு, போய் உட்கார ஒரு குழி வேண்டும். கேராஸின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கிறது. இருக்கிற ஒரே நல்ல குழியில் குவனோசின் டிரைபாஸ்பேட் உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் பிடி எவ்வளவு உறுதி என்றால் போட்டி போட்டு அதை வெளியேற்றுவது நடக்கிற காரியமில்லை. 2013-ல் கலிஃபோர்னியாவில் கெவன் ஷோகட் குழு வேறு மாதிரி யோசித்தது. ஜி12சி-யில் வந்திருப்பது சிஸ்டீன். சிஸ்டீனில் ஒரு கந்தக அணு இருக்கிறது, அது வேதிவினைக்குத் தயாராக நிற்கிற அணு. அதோடு நிரந்தரமாகப் பிணைப்பு போட்டுக்கொள்ளும் சின்ன மூலக்கூறுகளைத் தேடினார்கள். அப்படி ஒட்டிய மூலக்கூறுகளைப் படிகத்தில் பார்த்தபோது, இரண்டாவது வளையத்துக்கு அடியில் அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு குழி திறந்திருந்தது. கேராஸ் ஆஃப் நிலையில் இருக்கும்போது மட்டும்தான் அது திறக்கும்.

அணையவே அணையாத புரதத்தை ஆஃப் நிலையில் எப்படிப் பிடிப்பது என்று கேட்பீர்கள். அங்கேதான் ஜி12சி-யின் இன்னொரு குணம் கைகொடுத்தது. காப் புரதத்தின் உதவி அதற்குக் கிடைக்காது, ஆனால் தானாக மந்தமாக வெட்டும் திறமை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அதனால் அவ்வப்போது ஆஃப் ஆகும், அந்த நேரத்தில் மருந்து குழிக்குள் போய் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டால் கேராஸ் அப்படியே ஆஃபில் பூட்டப்பட்டுவிடும். 2021 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோட்டோராசிப் இப்படித்தான் வேலை செய்கிறது, அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த அடாகிராசிபும் இதே வழிதான். நல்ல செல்களில் இருக்கும் கேராஸில் அந்த இடத்தில் கிளைசின் இருப்பதால், பிடிக்கக் கந்தகமே இல்லை, மருந்து அதை விட்டுவிடும்.

உங்கள் அப்பாவின் ஜி12டி-யில் இருப்பது அஸ்பார்டிக் அமிலம். அதிலும் கந்தகம் கிடையாது. சோட்டோராசிப் அந்தக் குழிப் பக்கம் வந்தாலும் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை, கழன்று போய்விடும். மருத்துவர் மறுத்ததற்குக் காரணம் இந்த ஒரு அணுதான். அஸ்பார்டிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, அதை வைத்தே பிடிக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நேர்மின்னூட்டம் உள்ள ஒரு நைட்ரஜனை அதற்கு எதிரே நிறுத்தும் மூலக்கூறுகள் செய்யப்பட்டிருக்கின்றன. ஜி12டி-க்கு என்றே செய்யப்பட்ட மருந்துகளும், எல்லா ராஸ் வகைகளையும் பிடிக்கப் பார்க்கும் மருந்துகளும் மருத்துவப் பரிசோதனைக் கட்டத்துக்குப் போயிருக்கின்றன. கணையப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேருக்குக் கேராஸ் மாறியிருக்கிறது, அதில் ஜி12டி-தான் முதலிடம் என்பதால் இதில் ஆராய்ச்சி வேகமாகவே நடக்கிறது. சேர்வதற்குத் தகுந்த பரிசோதனை ஏதாவது நடக்கிறதா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

அப்புறம் அந்த ரிப்போர்ட்டில் பி53 என்றும் ஒன்று இருக்க வாய்ப்புண்டு, நிறையப் பேருக்கு இருக்கும். அதன் கதை கேராஸுக்கு நேர் எதிர். டி.என்.ஏ அடிபட்டால் செல் பிரிவதை நிறுத்தவும், சரிசெய்ய முடியாத அளவுக்குப் போனால் அந்தச் செல்லையே சாகவைக்கவும் தேவையான மரபணுக்களை இயக்கிவிடும் புரதம் பி53. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இது மாறியிருக்கிறது. அதுவும் கண்ட இடத்தில் சமமாகப் பரவி மாறுவதில்லை, 393 அமினோ அமிலத்தில் 175, 245, 248, 249, 273, 282 ஆகிய ஆறு இடங்களில் திரும்பத் திரும்ப விழுகிறது. 1994-ல் நிகோலா பாவ்லெடிச் குழு, டி.என்.ஏ-வைப் பிடித்தபடி இருக்கும் பி53-இன் வடிவத்தை வெளியிட்டபோதுதான் ஏன் இந்த இடங்கள் என்று விளங்கியது.

248-இலும் 273-இலும் இருக்கும் ஆர்ஜினின்கள் டி.என்.ஏ-வை நேரடியாகத் தொடுபவை. அங்கே வேறு ஏதாவது வந்தால் புரதத்தின் மடிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும், பிடி மட்டும் போய்விடும். 175 வேறு ரகம். அது டி.என்.ஏ-வைத் தொடுவதே இல்லை. பி53-இன் ஒரு பகுதியை ஒரு துத்தநாக அணு கட்டி நிறுத்தியிருக்கிறது, மூன்று சிஸ்டீனும் ஒரு ஹிஸ்டிடினும் அதைப் பிடித்திருக்கின்றன, 175 அதற்கு ஒட்டி அடுத்த இடம். அங்கே ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்தால் துத்தநாகப் பிடி தளர்ந்து அந்தப் பகுதியே குலைந்துவிடும். ஒரே புரதம்தான், ஒன்றில் கைபிடி போகிறது, இன்னொன்றில் கட்டுமானம் போகிறது. ரிப்போர்ட்டில் இரண்டுமே ‘பி53 மாற்றம்’ என்றுதான் வரும்.

கட்டுமானம் இவ்வளவு லேசில் போவதற்குக் காரணம், பி53 இயல்பிலேயே நிலையற்றது. டி.என்.ஏ-வைப் பிடிக்கும் அதன் நடுப்பகுதி 44 டிகிரி செல்சியஸ் போல வந்தாலே மடிப்பு அவிழ ஆரம்பித்துவிடும். நம் உடம்போ 37 டிகிரி. மார்கழிக் குளிரில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய் லேசாக வெயில் பட்டதும் இளகுவதுபோல, விளிம்பிலேயே நிற்கிற புரதம் இது. அதில் ஏதாவது ஒரு அமினோ அமிலம் பொருந்தாமல் போய் நிலைத்தன்மை கொஞ்சம் குறைந்தாலும் உடம்புச் சூட்டிலேயே அவிழ்ந்துவிடும்.

இதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டுவது ஒய்220சி. 220-ஆவது இடத்தில் டைரோசின் இருக்க வேண்டும், அதற்குப் பெரிய வளையம் போன்ற பக்கச் சங்கிலி. அது போய் சின்ன சிஸ்டீன் வந்தால், வளையம் இருந்த இடம் வெற்றிடமாகி மேற்பரப்பில் ஒரு பள்ளம் விழுகிறது. டி.என்.ஏ-வைத் தொடும் இடத்திலிருந்து அது தூரத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் அந்தப் பள்ளத்தால் மொத்தப் புரதமும் உடம்புச் சூட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. கேம்பிரிட்ஜில் ஆலன் ஃபெர்ஷ்ட் குழு இதையே வாய்ப்பாக எடுத்துக்கொண்டது. பள்ளம் இருக்கிறதல்லவா, அதை நிரப்புகிற மூலக்கூறு ஒன்றை வைத்தால் மடிப்பு திரும்ப நிற்குமா என்று பார்த்தார்கள். சோதனைக்குழாயில் நின்றது. அதே யோசனையில் ரெசாட்டாபாப்ட் என்ற மருந்து மனிதர்களிடம் பரிசோதனைக்கு வந்திருக்கிறது. நோய் உண்டாக்கிய பள்ளமே மருந்துக்கு இடம் கொடுக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உற்சாகமாக இருக்கிறது.

பி53-இல் இன்னும் ஒரு கொடுமை உண்டு. அது தனியாக வேலை செய்யாது, நான்கு சேர்ந்துதான் டி.என்.ஏ-வைப் பிடிக்கும். அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று நமக்கு இரண்டு மரபணு. ஒன்று மாறி மற்றது நன்றாக இருந்தால் பாதி வேலையாவது நடக்கும் என்றுதானே நினைப்போம். ஆனால் நல்லதும் கெட்டதும் சரிபாதியாகக் கலந்து நான்கு நான்காகச் சேரும்போது, நான்குமே நல்லதாக அமைவது பதினாறில் ஒன்றுதான். மீதி எல்லாவற்றிலும் ஒரு கெட்டதாவது உட்கார்ந்திருக்கும்.

ஆறு இடங்களில் பலவற்றில் மாற்றம் வருவதற்கு வெளிக்காரணமே தேவையில்லை. டி.என்.ஏ-வில் சி-யும் அடுத்து ஜி-யும் வரும் இடங்களில் சி-யின்மேல் ஒரு மெத்தில் தொகுதி ஒட்டியிருப்பது வழக்கம், அப்படிப்பட்ட சி தானாகவே சிதைந்து டி-யாகிவிடும். 175, 248, 273, 282 எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள்தான். ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்று நோயாளிகள் கேட்கும்போது இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வயது ஏற ஏற செல்கள் பிரியும்போது நடக்கிற வேதியியல் இது, அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 249 மட்டும் விதிவிலக்கு. ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு, கல்லீரல் செல்களில் அந்த இடத்து ஏ-ஜி-ஜி-யை ஏ-ஜி-டி ஆக்கி ஆர்ஜினினைச் செரீனாக்கும். சீனாவின் சில பகுதிகளிலும் ஆப்பிரிக்காவிலும் கல்லீரல் புற்றுநோய்களில் இந்த ஒரே மாற்றம் குவிந்திருப்பதை 1991-ல் கண்டுபிடித்தார்கள். ஹெபடைட்டிஸ் பி தொற்றும் கூடவே இருந்தால் ஆபத்து பல மடங்கு. பூஞ்சை பிடித்த கடலையைக் கழுவி வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், அந்த நஞ்சு சூட்டுக்கு எளிதில் போகாது. தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கேராஸுக்கு அடுத்த படியில் இருக்கும், முன்பு சொன்ன ராஃப் வகையில் ஒன்றான பிராஃப் புரதத்தில் நடப்பது வேறொரு தந்திரம். 600-ஆவது இடத்தில் வாலின் போய் குளுட்டமிக் அமிலம் வருகிறது, ரிப்போர்ட்டில் வி600இ என்று இருக்கும். இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனம் 2002-ல் கண்டுபிடித்தது, மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் பாதிப் பேருக்கு இருப்பது. பிராஃப் சும்மா இருக்கும்போது, அதை இயக்கும் வளையம் நீரை விலக்கும் அமினோ அமிலங்களின் பிணைப்பில் மடங்கிப் பூட்டியிருக்கும், அந்தப் பிணைப்பில் வாலினும் ஒரு ஆள். சமிக்ஞை வந்தால் அந்த வளையத்தில் பாஸ்பேட் ஏறும், பாஸ்பேட்டின் எதிர்மின்னூட்டத்தால் பூட்டு விலகி நொதி வேலை செய்யத் தொடங்கும். குளுட்டமிக் அமிலத்துக்கு இயல்பிலேயே எதிர்மின்னூட்டம். அது வந்து உட்கார்ந்ததும், பாஸ்பேட் ஏறிவிட்டதாகவே பாவித்துப் பூட்டு திறந்துவிடுகிறது. சமிக்ஞை எதுவும் வராமலே நொதியின் வேகம் சுமார் 500 மடங்கு.

இவ்வளவு ஆபத்தான மாற்றம், ஆனால் பலருடைய உடம்பிலும் சாதாரண மச்சங்களில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா? 2003-ல் மச்சங்களை எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இதே வி600இ இருந்தது. மச்சம் கொஞ்ச நாள் வளர்ந்து அப்படியே நின்றுவிடுகிறது, ஏனென்றால் செல்லில் மற்ற தடுப்புகள் இன்னும் வேலை செய்கின்றன. ‘ஒரு எழுத்து மாறினால் புற்றுநோய் வந்துவிடுமா’ என்ற கேள்விக்கு இதுதான் நேரடிப் பதில். அநேகமாக வராது. கேராஸோ பிராஃபோ விடாமல் உந்த வேண்டும், பி53 மாதிரியான காவல்களும் போக வேண்டும், இப்படிச் சில மாற்றங்கள் ஒரே செல்லின் வம்சத்தில் சேர வேண்டும், அதற்குப் பல வருடம் ஆகும்.

பிராஃபுக்கு 2011-ல் வெமுராஃபெனிப் என்ற மருந்து வந்தது, மெலனோமாவில் கட்டிகள் கண்ணெதிரே சுருங்கின. அதே வி600இ உள்ள பெருங்குடல் புற்றுநோய்க்கு அதைத் தனியாகக் கொடுத்தபோது அவ்வளவாகக் கேட்கவில்லை. குடல் செல்களில் பிராஃபை அடைத்தால் இ.ஜி.எஃப்.ஆர் என்ற வேறொரு புரதம் விழித்துக்கொண்டு வேறு வழியில் சமிக்ஞையை அனுப்பிவிடுகிறது, இரண்டையும் சேர்த்து அடைத்தால்தான் பலன். ஆக மாற்றம் மட்டும் தெரிந்தால் போதாது, எந்த உறுப்பில் என்பதும் வேண்டும்.

மூளைக்கட்டிகளில், ஐ.டி.எச்1 என்ற நொதியில் வரும் ஆர்132எச் மாற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே நொதி நிற்கவும் இல்லை, வேகம் கூடவும் இல்லை, வேறு வேலைக்குப் போய்விடுகிறது. வழக்கமாக ஐசோசிட்ரேட்டை ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டாக மாற்ற வேண்டிய நொதி, 132-ஆவது இடத்து ஆர்ஜினின் ஹிஸ்டிடினானதும், ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டை எடுத்து 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளாக்கத் தொடங்குகிறது. 2009-ல் இது தெரியவந்தபோது எல்லோருக்கும் வியப்புதான். அந்தப் பொருள் செல்லில் குவிந்து, டி.என்.ஏ-வின்மேல் இருக்கும் மெத்தில் குறிகளை அகற்றும் நொதிகளை முடக்கிவிடுகிறது, செல் முதிர்ந்து தன் வேலைக்குப் போகாமல் இளம் நிலையிலேயே நின்றுவிடுகிறது. இதை அடைக்கும் வோராசிடெனிப் 2024-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

நுரையீரல் புற்றுநோய் என்பதால் இ.ஜி.எஃப்.ஆர் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தியா உள்பட ஆசிய நாடுகளில் இதில் மாற்றம் வருவது மேற்கு நாடுகளைவிட அதிகம், குறிப்பாகப் புகைபிடிக்காதவர்களிடம். பொதுவாகக் கேராஸ் மாறியிருந்தால் இது மாறியிருக்காது, எனவே உங்கள் அப்பாவுக்கு இது இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் மருந்து கொஞ்ச நாள் கேட்டுவிட்டு ஏன் நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் இல்லை. எல்858ஆர் மாற்றத்தில் நீரை விலக்கும் லியூசின் போய் மின்னூட்டமுள்ள ஆர்ஜினின் வருகிறது. நொதி சும்மா இருக்கும் வடிவத்தில் அந்த லியூசின் ஓர் எண்ணெய்ப்பசைக் குழிக்குள் அடங்கியிருக்கும், ஆர்ஜினினால் அங்கே அடங்க முடியாது, அதனால் நொதி இயங்கும் வடிவத்துக்குத் தள்ளப்படுகிறது. கூடவே செல்லின் எரிபொருள் மூலக்கூறான ஏ.டி.பி-யைப் பிடிக்கும் பிடியும் தளர்கிறது, அதே இடத்துக்குப் போட்டி போடும் ஜெஃபிட்டினிப் என்ற மருந்து சுலபமாக ஜெயிக்கிறது. கட்டி சுருங்குகிறது. பிறகு, பாதிக்கு மேற்பட்டவர்களிடம், டி790எம் என்ற இரண்டாவது மாற்றம் உள்ள செல்கள் தலையெடுக்கின்றன. 790-ஆவது இடத்தில் திரியோனினுக்குப் பதில் வரும் மெத்தியோனின் பெரியது, மருந்தின் வழியை அடைக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். 2008-ல் அளந்து பார்த்தபோது, முக்கியமாக ஏ.டி.பி-யின் பிடி பழையபடி இறுகிவிட்டது என்று தெரிந்தது. போட்டியில் மருந்து தோற்கிறது. இதற்கு ஓசிமெர்டினிப் என்ற மருந்து வந்தது, அது 797-இல் இருக்கும் சிஸ்டீனின் கந்தகத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்வதால் போட்டிக்கே இடமில்லை. சில கட்டிகள் அந்தச் சிஸ்டீனையே செரீனாக மாற்றிக்கொண்டன. செரீனில் கந்தகம் கிடையாது. அதனால்தான் நோய் திரும்ப வளர்ந்தால் பழைய ரிப்போர்ட்டை வைத்து ஓட்டாமல் மறுபடி பயாப்ஸியோ ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ-வைத் தேடும் பரிசோதனையோ செய்யச் சொல்கிறார்கள். செலவு என்று தள்ளிப்போடாதீர்கள், கட்டியில் இருக்கும் எழுத்து இதற்குள் மாறியிருக்கலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் மனதுக்குள் இருக்கும் பயம்: இது பிள்ளைகளுக்கு வருமா? நுரையீரல் கட்டியில் காணும் கேராஸ் ஜி12டி, வாழ்நாளில் அந்த நுரையீரல் செல்லில் ஏற்பட்டது. உடம்பின் மற்ற செல்களிலோ விந்தணுவிலோ அது இல்லை, பிள்ளைகளுக்குப் போகாது. இதற்காக வீட்டில் எல்லோரும் ஓடிப்போய்ப் பரிசோதனை செய்துகொள்ளத் தேவையில்லை.

பரம்பரையாக வருபவையும் உண்டு, பி53-இலேயே உண்டு. பிரேசிலின் தென்பகுதியில் ஆர்337எச் என்ற மாற்றம் குடும்பம் குடும்பமாக வருகிறது, சுமார் ஆயிரத்தில் மூன்று பேருக்கு இருக்கிறது. 337, நான்கு பி53-களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பகுதியில் இருக்கிறது. ஆர்ஜினின் அங்கே தன் நேர்மின்னூட்டத்தால் பக்கத்திலுள்ள ஓர் அஸ்பார்டிக் அமிலத்தைப் பிடித்திருக்கும். ஹிஸ்டிடினாலும் பிடிக்க முடியும், ஆனால் சுற்றிலும் காரத்தன்மை சற்றே கூடினால் அதன் மின்னூட்டம் போய்விடும், கோப்பு தளர்ந்துவிடும். இந்த மாற்றத்தோடு பிறந்த குழந்தைகளிடம் முக்கியமாக அட்ரினல் சுரப்பியில் கட்டி வருவதற்கு இந்த நுணுக்கம் காரணமாக இருக்கலாம் என்று 2002-ல் எழுதினார்கள். உங்கள் குடும்பத்தில் இளம் வயதிலேயே பலருக்குப் பலவகைப் புற்றுநோய் வந்திருந்தால், அப்போது மட்டும் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தக் கவலையை விட்டுவிட்டு, அப்பாவின் அடுத்த ஸ்கேன் எப்போது, ஜி12டி-க்கான பரிசோதனை எதிலாவது சேர முடியுமா, இந்த இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.